சி பிளாக்கில் டிவி சத்தம்

முதலில் எலி என்றுதான் நினைத்தேன். இருட்டிவிட்டிருந்தது, கரண்ட் வேறு இல்லை. கிர்ர்க்... கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் கிர்ர்க். மரத்தைப் பல்லால் கடித்துத் திருகுகிற மாதிரி ஒரு சத்தம், பாத்ரூம் பக்கமிருந்து. செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், இவர் முட்டி போட்டு உட்கார்ந்து பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கையில் ஸ்க்ரூ டிரைவர், வாயில் ஸ்க்ரூ.

"என்னங்க பண்றீங்க?"

ஸ்க்ரூவை உள்ளங்கையில் துப்பிவிட்டுச் சொன்னார். "சின்னப் பிள்ளை இருக்கற வீடு. உள்ள போய்ப் பூட்டிக்கிட்டான்னா என்ன பண்ணுவே?"

நியாயம்தானே மேடம்? நீங்களே சொல்லுங்கள். எத்தனை வீட்டில் நடக்கிறது. என் அக்கா வீட்டில் அவள் பெண் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, கடைசியில் கதவையே உடைத்தார்கள். அதனால் நான் செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். படுக்கையறைத் தாழ்ப்பாளையும் அன்றைக்கே கழற்றினார். அதற்கும் நான்தான் வெளிச்சம் காட்டினேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கட்டிலிலேயே உட்காருங்கள். வாசல் கதவைச் சும்மா சாத்தினால் போதும், தாழ்ப்பாள் விழாது. பெயிண்ட் அடித்தவன் அதன் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டான், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணமாகி இந்தப் போலீஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்ததிலிருந்து நான் அதைப் போட்டதே இல்லை. டூட்டி முடிந்து எப்போது வருவார் என்று யாருக்குத் தெரியும். சாவி அவரிடம் இருக்கும், அவர் பாட்டுக்குத் திறந்துகொண்டு வருவார்.

கேமரா இல்லாமல் வந்ததற்கு நன்றி. பேட்டி கொடுக்க உங்களைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் கூப்பிட்டேன். அந்தக் கிளிப்பை உங்களுக்கு அனுப்பியது யார்? அந்த மைக்செட்காரன் செல்லத்துரை ஸ்டேஷனுக்குள் அடிபடுகிற கிளிப். அதை நீங்கள் டிவியில் போட்டுத்தான் இவருக்கு சஸ்பென்ஷன். அதை யார் அனுப்பினார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என் பிள்ளையின் கை... இல்லை, கை வேறு விஷயம். அது வழுக்கி விழுந்தது.

இவர் இன்றைக்கு ராத்திரி வருவார். வந்து அவனை மறுபடியும் கேட்பார். அதற்குள் எனக்குப் பதில் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சோர்ஸை வெளியே சொல்லக் கூடாதா? சரி. சொல்லாதீர்கள். உட்கார்ந்திருங்கள், அவசரமில்லை. டீ போட்டு வைத்திருக்கிறேன், அப்புறம் தருகிறேன்.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் குரல் எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் 'வழுக்கல் ஸ்பெஷல்'. "கழிவறைத் தரை இந்த வாரமும் தன் கடமையைச் செவ்வனே செய்தது" என்று ஆரம்பிப்பீர்கள். பின்னாலேயே அந்தப் பீப்பி மியூசிக். ஸ்டேஷனில் பிடித்து வைத்தவர்கள் கையில் மாவுக்கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். "இனிமே தப்புப் பண்ண மாட்டேன் சார், பொதுமக்கள் என்னை மன்னிக்கணும்" என்று ஒருத்தன் அழுவான். அந்த அழுகையை நீங்கள் திருப்பித் திருப்பிப் போடுவீர்கள், வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை. நாங்கள் சிரிப்போம். சாப்பிடுகிற தட்டை வைத்துக்கொண்டு சிரிப்போம். நம் ஊரில் யார் சிரிக்கவில்லை?

அந்தக் கிளிப்பெல்லாம் உங்களுக்கு ஆகாயத்திலிருந்தா வந்தது? இவர்தான் அனுப்புவார். "மேடம், இன்னைக்கு ஸ்பெஷல்" என்று போட்டு. நீங்கள் கைதட்டுகிற பொம்மை அனுப்புவீர்கள். ஒரு தடவை வாய்ஸ் மெசேஜே போட்டீர்கள், "உங்களை மாதிரி ஊருக்கு ஒரு ஏட்டையா இருந்தா தமிழ்நாடு எங்கேயோ போயிடும் சார்" என்று. அதை இந்தக் கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரை அப்படி யாரும் பாராட்டியதில்லை. அவர் அப்பாகூட.

என் பிள்ளை இனியன் ஒரு நாள் தோசை மாவை எடுத்துக் கரடி பொம்மையின் கையில் அப்பி வைத்தான். என்னடா இது என்றால், "இது திருடிடுச்சும்மா. அதான் பாத்ரூம்ல விழுந்துடுச்சு" என்கிறான். இவர் அதை வீடியோ எடுத்து அனுப்ப, நீங்கள் 'குட்டி ஏட்டையா' என்று பெயர் வைத்துக் கடைசியில் போட்டீர்கள். நினைவிருக்கிறதா? என் மாமியார் தெருவெல்லாம் காட்டினார். ஒரு நாள் மாவு வீணாய்ப் போனதே என்று எனக்கு மட்டும்தான் கோபம்.

இப்போது அதே வாய் "கொடூர ஏட்டு குமரேசன்" என்கிறது. அதே குரல், அதே ஏற்ற இறக்கம். பீப்பியை எடுத்துவிட்டு வயலின் போட்டிருக்கிறீர்கள், அதுதான் வித்தியாசம். எனக்கு ஆத்திரம் இவரைத் திட்டினீர்கள் என்றுகூட இல்லை மேடம். நேற்று வரைக்கும் தட்டிக் கொடுத்த கையாலேயே அறைகிறீர்களே, அதுதான். பேப்பரில் 'போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்று தினமும் போடுகிறார்கள். என்னய்யா அது பாணி என்று எந்த வாசகராவது கேட்டாரா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காபி குடித்துக்கொண்டே படிக்கிறார்கள்.

சரி, உண்மையை எப்படித்தான் வாங்குவது? "செல்லத்துரை தம்பி, கோயில் ஆம்ப்ளிஃபயரை எங்கே வெச்சிருக்கே" என்று கேட்டு வடை வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவானா? திருவிழா முடிந்த மறுநாள் ஆம்ப்ளிஃபயரைக் காணோம். கடைசியாக ஒயர் சுற்றினவன் அவன். அவனைக் கேட்காமல் யாரைக் கேட்பது? முதலில் எடுக்கவே இல்லை என்றான். அப்புறம் எடுத்தேன் என்றான். எங்கே என்றால், கண்மாய்க் கரை என்றான். போய்ப் பார்த்தால் இல்லை. பந்தல் குடோன் என்றான். அங்கேயும் இல்லை. தங்கச்சி வீட்டுப் பரண் என்றான், செங்கல் சூளை என்றான். ஒவ்வொரு இடமாக இவர் அலைந்தார். பேண்ட்டெல்லாம் சேறு, நான்தான் துவைத்தேன். எல்லாம் பொய். அவ்வளவு வாய் கூசாமல் பொய் சொல்கிறவன் மேல் யாருக்குத்தான் கோபம் வராது?

செத்துப்போவான் என்று யார் கண்டார்கள்.

அவன் பெண்சாதி இந்தக் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் மைக்கை நீட்டி, "இந்தத் தருணத்தை எப்படி உணர்றீங்கம்மா?" என்று கேட்டீர்கள். மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. தலை தூக்கி இந்த ஜன்னலைப் பார்த்தாள். நான் திரையை இழுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? கீழே இறங்கிப் போய் நானும் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்கவா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கிளிப் உங்கள் கைக்கு வந்தபோது அவன் உயிரோடுதான் இருந்தான், இல்லையா? ஏன் முழிக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியில் அவன் இழுத்துக்கொண்டு கிடந்த நாளெல்லாம் அது உங்கள் போனில்தான் கிடந்தது. அப்போது போட்டிருந்தால் யாராவது பெரிய டாக்டர் வந்து பார்த்திருப்பார். நீங்கள் காத்திருந்தீர்கள். மாவுக்கட்டு கேஸா, சாவு கேஸா என்று தெரிந்தால்தானே எந்த மியூசிக் போடுவது என்று தெரியும்.

தண்ணீரா? தருகிறேன். முதலில் யார் அனுப்பியது என்று சொல்லுங்கள்.

ஸ்டேஷன் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்தப் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் கொல்லை. நான் வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் ஏதோ சத்தம் கேட்டது. மாடு கத்துகிறதா, மனுஷன் கத்துகிறானா என்றே தெரியவில்லை. கான்வென்ட்டில் படித்தவள், ஹாஸ்டலும் சர்ச்சும் தவிர ஒன்றும் தெரியாது. பயந்துபோய்க் கீழ் வீட்டுப் பத்மா அக்காவிடம் ஓடினேன். அவர் வீட்டுக்காரர் அப்போது ஸ்டேஷன் ரைட்டர். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "டிவி சத்தத்தைக் கூட்டிக்கோ வினோ. பழகிடும்" என்றார்.

பழகிவிட்டது. சி பிளாக் முழுக்க அப்படித்தான். ஒரு வீட்டில் சத்தம் கூடினால் அடுத்த வீட்டிலும் கூடும், அதற்கடுத்த வீட்டிலும். எல்லோரும் பார்ப்பது ஒரே சீரியல். அந்த மாமியார்க்காரி மருமகளைத் திட்டுவது எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் கேட்கும், திருவிழா மைக் மாதிரி. சத்தம் கூடினால் இனியனே சொல்வான், "அப்பா ஆபீஸ்ல வேலை ஆரம்பிச்சாச்சு" என்று. தப்பா இது? நான் போய்த் தடுத்துவிட முடியுமா? பிள்ளை தூங்க வேண்டாமா?

அவன் கை முறிந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் சேனலில் 'மாவுக்கட்டு ஏட்டு மகனுக்கே மாவுக்கட்டு' என்று போட்டீர்களே, அதை யாரிடம் கேட்டுப் போட்டீர்கள்?

சஸ்பென்ஷன் ஆர்டர் வந்ததிலிருந்து இவருக்கு ஒரே யோசனை, கிளிப் எப்படி வெளியே போனது என்று. "என் போன்ல இருந்துதான் போயிருக்கு, வேற எவன்கிட்டயும் அது இல்ல" என்றார். போன் யார் கைக்குப் போகும்? இனியன் கைக்குத்தான். கேம் விளையாட. ஆகையால் இவனைக் கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார், மடியில் உட்கார்த்திவைத்து. "நான் இல்லப்பா" என்றான். மறுநாள் கேட்டார். "நான் இல்லப்பா." அதற்கு மறுநாள் இவர் ஆரம்பித்ததுமே ஓடிப்போய் பாத்ரூமில் பூட்டிக்கொண்டான். அன்றைக்கு ராத்திரிதான் அந்த ஸ்க்ரூ டிரைவர்.

அடுத்த நாள் இவர் அவனைக் கால் கழுவிவிட பாத்ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் அடுப்படியில் இருந்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என்ன சட்னியா? என்ன சட்னியாய் இருந்தால் உங்களுக்கென்ன? ஏதோ ஒன்று. மிக்ஸி ஓடியது, அதனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன், சூடாகிவிடக் கூடாது என்று. நிறுத்துகிறபோது கீழ் வீட்டு டிவி கேட்டது. அந்த மாமியார்க்காரி. சத்தமாக. அப்புறம் எதிர் வீட்டிலும்.

ஸ்டேஷனில் அன்றைக்கு யாருமே இல்லை மேடம். புது இன்ஸ்பெக்டர் வந்ததிலிருந்து கொல்லைப் பக்கம் விளக்கே எரிவதில்லை.

நான் மிக்ஸியை மறுபடியும் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் வெளியே வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒத்துக்கிட்டான்" என்றார். "தெரியாம அமுக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டான். கீழ வழுக்கி விழுந்துட்டான், பாரு." அவர் அப்படிச் சொன்னார். தரை ஈரமாகத்தான் இருந்தது. நானே தொட்டுப் பார்த்தேன். சோப்பு நுரைகூட இருந்தது. ஆகவே வழுக்கித்தான் விழுந்தான். ஈரத் தரையில் பிள்ளைகள் விழமாட்டார்களா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. நான் சொன்னேன், "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் டாக்டர்." சொன்னது அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு வார்டு பாய், சின்னப் பையன்தான், வாயிலேயே உங்கள் பீப்பி மியூசிக்கைப் போட்டான். பெப்பெப்பே என்று. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், சுற்றி நின்று சிரிக்கிறார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இவருடைய போலீஸ் கிராப்பைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "நிஜமாவே வழுக்கினானாம்மா?" என்றார் மெல்ல. நிஜம்தான் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? வேறு எந்த வார்த்தையில் சொன்னால் நம்புவார்கள்? எல்லா வார்த்தையையும் நீங்கள் சிரித்தே தீர்த்துவிட்டீர்களே. என் பிள்ளைக்கு என்று ஒன்று மிச்சம் வைத்தீர்களா?

வீட்டுக்கு வந்து இட்லிப் பொடியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். இவர்தான் அவனுக்கு ஊட்டிவிட்டார். நல்ல அப்பா மேடம். எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இனியனா? உள்ளேதான் இருக்கிறான். பாத்ரூமில். பக்கெட்டில் தண்ணீரை ரொப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வான். இருக்கிற ஒரு கையால் பக்கெட்டை எப்படித்தான் நகர்த்துகிறானோ. விளையாட்டு. இப்போதெல்லாம் அதுதான் அவன் விளையாட்டு.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? ஸ்கூட்டர் சாவியா? அது என்னிடம்தான் இருக்கிறது. செருப்பு விடும்போது டிவி மேல் வைத்தீர்களே, அப்போதே எடுத்து வைத்துவிட்டேன். தருகிறேன். பயப்படாதீர்கள், நான் கை வைக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. பதில் சொன்னதும் சாவியும் தருவேன், தண்ணீரும் தருவேன், டீயும் சூடு பண்ணித் தருவேன். நீங்கள் சொல்லாமல் இருந்தால்தான் நேரமாகும். யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்.

எங்கள் கான்வென்ட்டில் பெலிசித்தா சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். யார் மேலும் கை வைத்ததே கிடையாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஹாலில் குடில் வைத்திருந்தோம். காலையில் பார்த்தால் குழந்தை இயேசுவைக் காணோம். மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, மாதா குனிந்து வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் எங்கள் வகுப்பு முழுவதையும் வராந்தாவில் முட்டி போடச் சொன்னார். "எடுத்தவள் கை தூக்கட்டும். அதுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது." தரையெல்லாம் பொடி ஜல்லி. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஒருத்தி பாவாடையிலேயே போய்விட்டாள். யாருக்கும் தண்ணீர் கிடையாது. எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறோம், யாராவது தூக்கித் தொலையுங்களேண்டி என்று.

கடைசியில் ஒருத்தி தூக்கினாள். பார்த்தீர்களா, அடிக்காமலேயே.

நான்தான்.

இல்லை, நான் எடுக்கவில்லை. நான் எதற்கு எடுக்கப் போகிறேன்? முட்டி வலித்தது, தூக்கினேன். ஒத்துக்கொண்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இன்னொரு கேள்வி வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "எங்கே வைத்தாய்?" என்றார் சிஸ்டர். எடுக்காததை எங்கே வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? கிணற்றில் போட்டேன் என்றேன். வாளி விட்டுத் தேடினார்கள். இல்லை சிஸ்டர், தோட்டத்தில் என்றேன். இல்லை, விறகுக் கொட்டகையில். ஒவ்வொரு இடமாக என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு இடத்திலும் இல்லாமல் போகப் போக அவருக்குக் கோபம். "இவ்வளவு பொய் சொல்கிறாயே, உனக்கு வாய் கூசவில்லையா?" என்று...

வாய் கூசவில்லையா என்றுதான் கேட்டார்.

விடுங்கள். அது எதற்கு இப்போது. நான் எங்கே நிறுத்தினேன்?

ஆமாம். இன்றைக்குக் காலையில் இவர் வக்கீலைப் பார்க்கக் கிளம்பும்போது சொன்னார். நாளைக்கு டி.எஸ்.பி. ஆபீஸில் விசாரணை, இனியனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவன்தான் தெரியாமல் அனுப்பினான் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். "ஆனா அதோட விட மாட்டாங்க. ஏன் அனுப்பினே, யார் சொல்லி அனுப்பினேன்னு கேப்பாங்க. அதுக்கு அவன் பதில் வெச்சிருக்கணும். ராத்திரி வந்து அவன்கிட்ட உக்காந்து பேசறேன்" என்றார். "யார் சொல்லின்னு நீயும் யோசிச்சு வை" என்றார் என்னிடம்.

யோசித்தேன். பகலெல்லாம் யோசித்தேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் யார் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை பெயர் அவனுக்குத் தெரியும்? முதலில் மிஸ் என்பான். அது சரிவராது. ஆட்டோ அங்கிள் என்பான். அதுவும் சரிவராது. அப்புறம் என்ன சொல்வான்? இந்த வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். இப்போது புரிகிறதா? உங்கள் சோர்ஸைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறீர்கள். பெரிய தர்மம். அந்தத் தர்மத்துக்குக் கட்டுப் போட்டது என் பிள்ளையின் கையில். யார் அனுப்பியது? சொல்லுங்கள். சும்மா தலையை ஆட்டாதீர்கள். யார்?

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்கள்.

எந்த சார்? எங்கள்... இவரா?

சாவிக்காகச் சொல்லவில்லையே? இங்கிருந்து எழுந்து போனால் போதும் என்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லவில்லையே? எனக்கு எப்படித் தெரியும்? வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். போனைக் காட்டுங்கள். இப்படிக் கொடுங்கள்.

இவர் நம்பர்தான்.

மூன்று கிளிப் வரிசையாக. முதலில் அவன் மன்னிப்புக் கேட்கிறது. அப்புறம் கட்டுப் போடுகிறது. மூன்றாவது இது, அந்த அடிக்கிற கிளிப். கூடச் சேர்ந்து வந்திருக்கிறது. அவசரத்தில் சேர்த்துத் தொட்டிருப்பார். வரிசையில் இருந்ததைச் சேர்த்து அனுப்பிவிட்டிருக்கிறார். மேலே, "மேடம், இன்னைக்கு ஸ்பெஷல்". சிரிக்கிற பொம்மை. அதுவும் நடுராத்திரியில். அன்றைக்கு இவருக்கு நைட் டூட்டி. போன் இவரோடு ஸ்டேஷனில் இருந்தது. பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முதல் வகுப்பு மேடம். அவன் பெயரையே இன்னும் திருப்பிப் போட்டு எழுதுகிறான். 'இன்னைக்கு ஸ்பெஷல்' என்று அவனுக்கு அடிக்கத் தெரியுமா?

இது இவர் போனிலும் இருந்திருக்கும் இல்லையா? அனுப்பினவர் போனிலும் இருக்கும். பார்த்திருப்பார். முதல் நாளே பார்த்திருப்பார்.

மடியில் உட்கார்த்திவைத்துக் கேட்டாரே. அப்போதே தெரியும்.

இந்தாருங்கள், தண்ணீர். மெதுவாகக் குடியுங்கள், புரை ஏறும். இது உங்கள் சாவி. சொன்னதற்கு நன்றி. கேட்கிற விதத்தில் கேட்டால் வந்துவிடும் என்று இவர் சொல்வார்.

இதை அவரிடம் காட்டலாம். காட்டினால் என்ன சொல்வார்? ஆமாம், தப்பு என்னுடையதுதான் என்பாரா? பிள்ளையை விட்டுவிடுவாரா? தெரிந்துகொண்டே கேட்டவரிடம் எதைக் கொண்டுபோய்த் தெரியப்படுத்துவது...

இருங்கள். பேசாதீர்கள்.

புல்லட். இவர் வண்டிதான். கேட் பக்கத்தில் ஸ்லோ பண்ணும்போது அப்படித்தான் இருமும்.

இனியா, வெளியே வராதே கண்ணா. அப்படியே இரு. அம்மா இருக்கேன்.

கேட்கிறதா மேடம்? கீழ் வீட்டில். பத்மா அக்கா வீடு. டிவி சத்தம் கூடுகிறது. இதோ எதிர் வீடும். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள், நீங்கள் இதையெல்லாம் கேட்டதே இல்லை. வண்டிக்கு இன்னும் ஸ்டாண்டுகூடப் போடவில்லை. அவர் படியில் கால் வைக்கவில்லை. இந்த வீட்டில் இன்னும் ஒன்றுமே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் கூட்டுகிறார்கள்.

இத்தனை நாளும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இல்லை, நீங்கள் போக முடியாது. படியில் எதிரே வருவார். நீங்களும் அந்தப் போனும் இங்கேயே இருக்க வேண்டும். உட்காருங்கள். இல்லை, எழுந்திருங்கள், எழுந்து வாருங்கள். அந்தச் சப்பாத்திக் கட்டையை எடுங்கள், அடுப்புப் பக்கத்தில். தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இங்கே இருக்கிறது. மத்தியானமே இந்த வாசல் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். எதற்கு விட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது, கதவு கிறீச்சிடுகிறது என்று சொல்லிக்கொண்டேன்.

கதவை அழுத்திப் பிடியுங்கள். தோளைக் கொடுத்துக்கொண்டே கட்டையால் தாழ்ப்பாளைத் தட்டுங்கள். இன்னும்.

பெயிண்ட் உதிர்கிறது. பாருங்கள், உதிர்கிறது.

சாவி போடுகிறார். போடட்டும். "வினோ" என்றுதான் முதலில் கூப்பிடுவார், நல்லபடியாக. பதில் சொல்லாதீர்கள். நானும் சொல்லப் போவதில்லை.

இன்னும் ஒரு அடி. அந்தக் கட்டையை என்னிடம் கொடுங்கள்.

அவ்வளவுதான். விழுந்துவிட்டது.